ஆள் வரும்வரை

பிப்ரவரி 4

அண்ணா,

அம்மா உன்னைப் பார்க்க வருகிறாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான்கு பக்கம் சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் எழுதாமலே உறையை ஒட்டிவிடுவேன். என் லட்சணம் உனக்குத் தெரியும்.

நீ கோபப்படுவாய். தீர்ப்பு வந்த அன்று நீ போன் செய்தபோது நான் அம்மாவின் பக்கத்தில்தான் நின்றேன். “தூங்கிட்டேம்மா. ஒரு நிமிஷம் கண்ணு சொருகிடுச்சு. லாரி அவர் சைக்கிள் மேல ஏறினதுகூடத் தெரியலம்மா” என்று நீ அழுதது எனக்கும் கேட்டது. “இருபது வருஷமா விரிப்பு தேய்க்கிற சூட்டு ரோலர் முன்னாடி நிக்கிறேன். ஒருநாள் தூங்கியிருக்கேனா? ஒருத்தர் உசுரை எடுத்துட்டு எனக்கு எதுக்குடா போன் பண்றே?” என்று அம்மா வைத்துவிட்டாள். பதினான்கு மாதமாக நீ போன் செய்யவில்லை. நானாவது பேசியிருக்கலாம். ஆனால் போனைக் காதில் வைத்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. எழுதத்தான் வரும்.

போன மாதம் லாண்டரியில் ஒன்று நடந்தது. அம்மாவின் வலது கையில் இன்னும் கட்டு இருக்கிறது. என்ன நடந்தது என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. “அதை நான்தான் அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். நீ முந்திரிக்கொட்டை மாதிரி எழுதினே, கையை ஒடிச்சிடுவேன்” என்றாள். கட்டுப் போட்டிருந்த கையாலேயே மிரட்டினாள். அன்று சாயங்காலமே டிராவல்ஸ் கடைக்குப் போகலாம் வா என்று செருப்பை மாட்டிவிட்டாள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. இப்போது அம்மா வேலை செய்யும் இடத்திலேயே மடிப்பு மேஜையில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு. பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குச் சரியாக இருக்கிறது.

எந்த நாளில் வரலாம், என்ன வேண்டும் என்று எழுது. வராதே என்று மட்டும் எழுதாதே.

தங்கை

பிப்ரவரி 19

வாயாடிக்கு,

வர வேண்டாம் என்று சொல். நீ சொல்ல மாட்டாய், தெரியும். உனக்கு வாயாடி என்று பேர் வைத்ததே அதற்காகத்தான்.

எதற்கு வருகிறாள்? போனில் சொன்னது போதாதா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இன்னும் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமா? அந்த மனிதருக்கு ஒரு மனைவி இருக்கிறாள். கோர்ட்டில் அவள் என்னைப் பார்த்த பார்வையே எனக்கு நான்கு வருஷத்துக்கும் போதும்.

சரி. வருவது என்று ஆகிவிட்டால் இதைக் கவனமாகப் படி. பார்க்க விடுவது மாதத்தில் ஒரு நாள், இரண்டாவது சனிக்கிழமை, மதியம் இரண்டிலிருந்து மூன்று. ஏப்ரலில் அது பதினொன்றாம் தேதி. ஒன்றரைக்கு வாசலில் நிற்க வேண்டும். பாஸ்போர்ட் வேண்டும். கையில் ஒரு பொருளும் கொண்டுவரக் கூடாது. என் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடு. ஜூனில் என்னை வேறு சிறைக்கு மாற்றுகிறார்கள். அங்கே போனால் பார்க்க வருகிறவர்களின் பட்டியலை மறுபடி முதலிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அதனால் வந்தால் இந்த ஏப்ரல். இல்லாவிட்டால் இல்லை.

விமான நிலையத்துக்கு மீசை வருவான். என்னோடு லாரி ஓட்டியவன், நல்லவன், கொஞ்சம் சத்தமாகப் பேசுவான். அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல். அவன் பெயர் என் பட்டியலில் இல்லை, வாசல் வரைதான் வருவான்.

கடிதங்களைப் படித்துப் பார்க்க நம் மொழி தெரிந்தவர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் இங்கே வருகிறார். அவர் வந்து போன பிறகுதான் எனக்குக் கிடைக்கும். கடைசி நேரத்தில் எதையும் எழுதாதே.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு ஏற்றம். பழைய செருப்பில் வந்தால் வழுக்கும். வேறு வாங்கிக் கொடு.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

கடைசி நேரத்தில் எழுதாதே என்றாய். ஆனால் மார்ச்சில் எழுதியபடியே அம்மா வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரே நாளில் மூன்று விமானம். விடியற்காலை ஒன்று, பகலில் ஒன்று, மாலையில் ஒன்று. வெள்ளி ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குள் மீசை அண்ணன் கையில் சேர்ந்துவிடுவாள். சனிக்கிழமை உன்னிடம்.

நடுவில் விமானம் மாறும் இடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, பாஷையும் தெரியாது. டிராவல்ஸ்காரர் சிரித்தார். “சக்கர நாற்காலின்னு போட்டுடறேம்மா. பாஷை தெரியாதவங்க எல்லாரும் அப்படித்தான் போறாங்க. பொட்டலம் மாதிரி ஒரு வாசல்ல வாங்கி இன்னொரு வாசல்ல கொடுத்துடுவாங்க.” அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எனக்குக் கால் இருக்கு தம்பி.” “கால் இருக்கிறதை அங்க சொல்லாதீங்க” என்றார் அவர். வீட்டுக்கு வந்து அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பழகினாள். ஐந்து நிமிஷம்தான் தாங்கியது. எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

யாராவது ஏமாற்றி எங்கேயாவது கூட்டிப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. அதனால் லாண்டரி மூட்டையில் கட்டும் அட்டை ஒன்றை எடுத்து, இங்கிலீஷில் பெரிதாக எழுதி, நாடாவில் கோத்து அம்மா கழுத்தில் மாட்டிவிட்டேன். என் ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ்தான். ‘இவரை யாரும் அழைத்துப் போக வேண்டாம். இவருக்கான ஆள் வருவார்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா என்று டிராவல்ஸ்காரரிடம் காட்டலாம் என்று கடை வாசல் வரை போனேன். உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக் கொடுத்தேன், அவளுக்குப் புரிகிற மாதிரி. ரோலர் முன்னால் நிற்பவள், மாற்று ஆள் வந்து தோளைத் தொடாமல் இடத்தை விட்டு நகரக் கூடாது இல்லையா? நகர்ந்தால் அடுத்தவள் கை உள்ளே போய்விடும். “அதே மாதிரிதாம்மா. உட்கார வச்ச இடத்தைவிட்டு நீயா எழுந்திருக்கக் கூடாது. ஆள் வரும்.” “எனக்கே வேலை சொல்லித் தர்றியா?” என்றாள்.

புதுச் செருப்பு வாங்கியாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு போன்தான், அதையும் அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். லாண்டரியில் ஆறு நாள்தான் லீவு. புதன்கிழமை திரும்பிவிடுவாள்.

அவள் சொல்வதைக் கடைசி வரை கேள். குறுக்கே பேசாதே. இவ்வளவுதான் உன்னிடம் கேட்கிறேன்.

தங்கை

ஏப்ரல் 12

தங்கைக்கு,

அவள் வரவில்லை.

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் எழுந்து முகம் மழித்துவிட்டேன். ஒன்றே முக்காலுக்கு எங்களை உள்ளே விட்டார்கள். எனக்கு ஏழாம் எண் மேஜை. கண்ணாடி கிடையாது என்று அன்றுதான் தெரிந்தது, வெறும் மேஜைதான், கையை நீட்டினால் தொடலாம். பதினொரு மேஜையில் பத்துக்கு ஆள் வந்தது. பக்கத்து மேஜைக்காரனின் அப்பா எனக்கும் சேர்த்துத் தலையாட்டினார். அதுதான் தாங்கவில்லை.

மூன்று மணி வரை உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும், நடுவில் எழுந்து போக விடமாட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தேன். எனக்கு வெட்கமே இல்லை போலிருக்கிறது.

விமானம் ஏறும்போது மனசு மாறியிருக்கும். கொலைகாரன் முகத்தில் விழிக்க ஒரு நாள் முழுக்கப் பயணமா என்று நினைத்திருப்பாள். அவள் நினைத்தது சரிதான். ஆனால் அதை முன்பே சொல்லியிருக்கலாம்.

இனி அவளைப் பற்றி எழுதாதே. நீயும் எழுத வேண்டாம்.

அண்ணன்

ஏப்ரல் 16

அண்ணா!

அம்மா நேற்று வந்துவிட்டாள். முகமெல்லாம் வீங்கி, கால் உருளைக்கட்டை மாதிரி இருக்கிறது. ஆனாலும் இன்று காலை ஷிஃப்டுக்கு வந்துவிட்டாள். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சூப்பர்வைசரே ரோலரை நிறுத்திவிட்டுக் கேட்டார் என்றால் பார்த்துக்கொள்.

“பார்த்தேன். நல்லா பார்த்தேன். மெலிஞ்சிட்டான். முடியை ஒட்ட வெட்டியிருக்கான். கையைப் பிடிச்சுக்கிட்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ரெண்டு பேரும் அழலை” என்றாள். இஸ்திரிக்காரம்மா, “பெத்த தாய் அழலையா, சும்மா சொல்லாதே” என்று வம்புக்கு இழுத்தாள். “அழுறதுக்கா அவ்வளவு தூரம் போனேன்?” என்று அம்மா கேட்டதும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், “சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டியாம்மா?” என்று கேட்டேன். “சொல்லிட்டேன்” என்றாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். “என்ன சொல்லுவான், தலையைக் குனிஞ்சுக்கிட்டான்” என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, “வாயாடி இப்பவாவது பேசுறாளான்னு கேட்டான்” என்றாள்.

நீ அப்படிக் கேட்டதற்கு நான் சமையலறையில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். நீங்கள் இருவரும் அழாததை நான் அழுதுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

மறுபடி போன் செய்வாய்தானே?

தங்கை

ஏப்ரல் 30

தங்கைக்கு,

உன் ஏப்ரல் கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன. என் கடிதம் இதற்குள் உனக்கு வந்திருக்கும். படித்துவிட்டு என்ன நினைத்தாயோ.

அவள் யாரைப் பார்த்தாளாம்? யார் கையைப் பிடித்தாளாம்? என் முடி இப்போது காதை மூடுகிறது. இங்கே வருகிற முடிதிருத்துபவர் கை முறிந்து இரண்டு மாதமாக வரவில்லை. வாயாடி பேசுகிறாளா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருப்பேன், வந்திருந்தால்.

முதலில் கோபம் வந்தது. ஊர் வாயை மூட என்னை வைத்துக் கதை கட்டுகிறாளே என்று. பிறகு உன் ஆறாம் தேதிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த அட்டை. நீ எழுதியதை இங்கே ஒருவனிடம் இங்கிலீஷில் சொல்லி, விமான நிலையத்தில் இப்படி ஒரு அட்டையோடு ஒருத்தரைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். “ஒண்ணும் செய்ய மாட்டேன். அவங்க ஆளுக்காகக் காத்திருக்காங்கன்னு போயிடுவேன்” என்றான்.

அம்மாவிடம் கேள். நேராகக் கேள். உனக்கு வராது என்று தெரியும், ஆனாலும் கேள். எனக்குத் தெரிய வேண்டும்.

அண்ணன்

மே 12

அண்ணா,

கேட்டுவிட்டேன்.

விரிப்பு மடிக்கும்போது இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருத்தி விட்டால் தரையில் விழுந்து மறுபடி துவைக்கப் போகும். இஸ்திரிக்காரம்மா சாப்பிடப் போன நேரத்தில் மறுமுனையைப் பிடிக்க அம்மாவை வரச் சொன்னேன். “அண்ணன் உன்னைப் பார்க்கலைன்னு எழுதியிருக்கான்” என்றேன். அம்மா முனையை விடவில்லை. ஓரத்தைச் சரிசெய்து என் கையில் கொடுத்தாள். அடுத்த விரிப்பை எடுத்தாள். பன்னிரண்டு விரிப்பு மடித்தோம். பதின்மூன்றாவதில் சொன்னாள்.

இரண்டாவது விமான நிலையத்தில் ஒருவன் அவளைச் சக்கர நாற்காலியோடு ஒரு தூண் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனான். முதலில் நீலக் கோட்டுப் பெண் ஒருத்தி வந்து அட்டையைப் படித்தாளாம். சிரித்து, தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு ஒருவர். பிறகு இன்னொருவர். எல்லோரும் படித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். “அப்போ சரியாத்தான் எழுதியிருக்கே போலன்னு நினைச்சுக்கிட்டேன்” என்றாள் அம்மா. போனும் அந்த ஊரில் வேலை செய்யவில்லையாம். ஒன்பது மணி நேரம். மதியத்துக்கு மேல் பாத்ரூம் போக வேண்டும் போல வந்தது. ஆள் வந்து தேடினால் இடத்தில் இல்லாமல் போய்விடுவோமே என்று எழுந்திருக்கவில்லை. இதற்கு மேல் அம்மா சொன்னதை நான் எழுத மாட்டேன். நாற்காலி நனைந்துவிட்டது, அவ்வளவுதான்.

கடைசியில் தரை துடைக்கும் அம்மா ஒருத்தி, காலையில் பார்த்த அதே இடத்தில் சாயங்காலமும் பார்த்துவிட்டு வந்தாளாம். அவளுக்கும் படிக்கத் தெரியாது போல. அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அம்மாவின் ஈரத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப் போனாள். விமானம் எப்போதோ போய்விட்டது. மறுநாள் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். மீசை அண்ணன் கையில் சேர்ந்தபோது சனிக்கிழமை மாலை ஐந்து மணி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு உன் வாசலுக்கு வந்திருக்கிறாள். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை நின்றிருக்கிறாள். உன் எண் எழுதிய தாளைக் காட்டினாளாம். காவலர் ஒருவர் வாங்கிக்கொண்டு உள்ளே போய், திரும்பி வந்து முடியாது என்று தலையை ஆட்டினாராம். “அவங்க சட்டம் அது. நேத்துதானே நாளு” என்றாள். பிள்ளைகளிடம் சொல்லாதே தம்பி என்று மீசை அண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

“அப்புறம் ஏம்மா அவனைப் பார்த்தேன்னு சொன்னே?” என்று கேட்டேன். “நீ எழுதின அட்டையாலதான்னு தெரிஞ்சா இருக்கிற கொஞ்சநஞ்ச வாயையும் நீ மூடிக்குவேன்னுதான்” என்றாள்.

அண்ணா, அதை எழுதியது நான். அம்மா வர மறுக்கவில்லை. என் மேல் கோபப்படு.

அவள் சொல்ல வந்ததை இப்போது நான் சொல்கிறேன், அவள் என் கையை ஒடித்தாலும் பரவாயில்லை. ஜனவரியில் ஒரு மதியம் அம்மா ரோலர் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டாள். விரிப்போடு கையும் உள்ளே போனது. நான்தான் ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அடித்தேன். இரண்டு விரல் வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது அவள் வலி என்று சொல்லவில்லை. “ஒரு நிமிஷம்கூட இல்லடி. கண்ணு மூடினதே தெரியல. அவன் சொன்னது நிஜம்டி” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லத்தான் வந்தாள்.

தங்கை

மே 26

வாயாடி,

உன் மேல் கோபம் இல்லை. இதைப் படித்து முடித்ததும் உனக்குத்தான் என் மேல் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சமையல் கூடத்தில் பெரிய அண்டா தேய்த்துக்கொண்டிருந்தேன். காவலர் வந்தார். வயதானவர், மோசமானவர் இல்லை. என் எண் எழுதிய தாளைக் காட்டினார். உன் கையெழுத்து. ஏழுக்கு நடுவில் நீ போடுகிற கோடு. “வாசல்ல ஒரு அம்மா நிக்கிறாங்க. இன்னிக்குப் பார்க்க விடமுடியாது. ஆனா உன் அம்மான்னா சொல்லு, மாடிப்படி ஜன்னல்ல அஞ்சு நிமிஷம் நிக்க விடறேன். கை காட்டலாம்” என்றார்.

எனக்கு யாரும் இல்லை என்றேன்.

அவர் போகவில்லை. “வயசானவங்க. காலெல்லாம் வீங்கியிருக்கு” என்றார். நேற்று ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்திருந்தேன், இன்று அவள் நிற்கட்டும் என்று நினைத்தேன். இதை இப்படியே எழுதுகிறேன், மழுப்பாமல். எனக்குத் தெரியாது சார் என்று மறுபடி சொன்னேன். அண்டாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவர் போன பிறகு அங்கேயே ஒரு மேஜையில் உட்கார்ந்துதான் உனக்கு அவள் வரவில்லை என்று எழுதினேன்.

லாரியில் தூங்கிவிட்டேன். அது தெரியாமல் நடந்தது. இது தெரிந்து செய்தது.

ஒன்றாம் தேதி என்னை மாற்றுகிறார்கள். புது முகவரி கீழே இருக்கிறது. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணன்

ஜூன் 8

அண்ணா,

உன் கடிதம் வந்தபோது அம்மா வீட்டில்தான் இருந்தாள். உறையைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். முன்கூட்டியே படித்துப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

காவலர் தாளைக் காட்டிய இடம் வரைக்கும் படித்தேன். அங்கே நின்றுவிட்டேன்.

“ஏன் நிறுத்திட்டே?”

“எழுத்து கலங்கியிருக்கும்மா.”

“மெதுவாப் படி. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

நான் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. கண்ணைத் தாளில் வைத்துக்கொண்டே பேசினேன். அந்தக் காவலர் உன்னைத் தேடிவந்தபோது நீ உள்ளே இல்லை என்று படித்தேன். பல்வலியில் கன்னம் வீங்கி, அன்று காலை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சாயங்காலம் திரும்பியபோது தாளைக் கொடுத்தார்கள். நீ வாசல் பக்கம் ஓடினாய், விடவில்லை. இதெல்லாம் நீ எழுதியதாகப் படித்தேன்.

அம்மா காலி உறையை எடுத்து நீவி மடித்தாள். பிறகு, “அதானே” என்றாள். எழுந்துபோய் உலையில் அரிசி போட்டாள்.

வேறு யாரிடமாவது கொடுத்து மறுபடி படிக்கச் சொல்வாள் என்று பயந்து, அந்தப் பக்கத்தை மறுநாள் லாண்டரி பாய்லரில் போட்டுவிட்டேன். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை எழுத இன்னும் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

அடுத்த கடிதத்தில் உடம்பைப் பற்றி நாலு வரி எழுது, அம்மா கேட்பாள். எந்தப் பல் என்று இப்போதே கேட்டுவிட்டாள். இடது பக்கம், கீழே, கடைசிப் பல் என்று சொல்லியிருக்கிறேன். பிடுங்கிவிட்டார்கள். மாற்றிச் சொல்லிவிடாதே.

தங்கை